வெளிநாட்டில் பட்டப்படிப்பு: பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

பள்ளி முடித்ததும் நேராக வெளிநாட்டில் பட்டப்படிப்பில் சேர நினைக்கும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். கடிதங்களில் மதிப்பெண் கவலைதான் முதலில் நிற்கிறது. ஆனால் நல்ல மாணவர்களின் விண்ணப்பம்கூடச் சறுக்குவது பள்ளி அனுப்ப வேண்டிய காகிதங்களிலும், பெயர்ப் பொருத்தத்திலும், பணக் கணக்கிலும்தான். அதனால் பதில்களில் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணினி அறிவியல் பிரிவு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானா?
*ஒரு தந்தை, கரூர்*

ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் ஓர் ஆண்டு போய்விடும். அமெரிக்காவில் வகுப்புகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் இணையதளத்தில் அந்தச் சேர்க்கைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 1 அன்றே திறந்துவிடும். உங்கள் மகள் பிளஸ் டூ காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம். முடிவு மார்ச் கடைசியில் வந்துவிடும், அதாவது பொதுத்தேர்வு எழுதும் மாதத்திலேயே. மே 1-க்குள் சேருகிறோமா இல்லையா என்று பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் கையில் வருவதற்குள் இதெல்லாம் முடிந்திருக்கும்.

அப்படியானால் எதை வைத்து எடுக்கிறார்கள்? 9, 10, 11 வகுப்பு மதிப்பெண், பிளஸ் டூவில் அதுவரை எழுதிய பள்ளித் தேர்வுகள், அதன் பிறகு பள்ளி அனுப்பும் அரையாண்டு மதிப்பெண். அதனால் பிளஸ் ஒன்னை "ஓய்வு வருஷம்" என்று நினைப்பதும், பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்துவதும் இந்த வழிக்குப் பொருந்தாது. அவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் முழு ஆண்டுக் கணக்குகளில் மிக அண்மையது பிளஸ் ஒன்தான். பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் பிறகு போய்ச் சேர வேண்டும். அதில் பெரிய சரிவு இருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறக் கல்லூரிக்கு உரிமை உண்டு.

வேலைகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் ஜனவரிக்குள் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மார்ச் அல்லது மே, ஜூனில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு ஒரு முறை. கோடை விடுமுறையில் கல்லூரிப் பட்டியல், கட்டுரையின் முதல் வரைவு. ஜூனில் பள்ளி திறந்ததும் பரிந்துரை எழுதப்போகும் ஆசிரியர்களிடம் கேட்டுவிட வேண்டும். ஆகஸ்ட்டில் தேவைப்பட்டால் எஸ்.ஏ.டி. இரண்டாம் முறை. டிசம்பரை மட்டும் காலியாக வையுங்கள். அரையாண்டுத் தேர்வும் ஜனவரிக் கெடுவும் மோதிக்கொள்ளும் மாதம் அது. இரவு கட்டுரை, பகலில் இயற்பியல் என்று உட்கார்ந்தால் இரண்டுமே கெடும்; கெட்ட அரையாண்டு மதிப்பெண் நேராக அதே கல்லூரிக்குத்தான் போகும்.

எஸ்.ஏ.டி. பற்றி இரண்டு வார்த்தை. 2 மணி 14 நிமிடம், 98 கேள்வி, 1600 மதிப்பெண். புளூபுக் என்ற செயலி வழியே மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ எழுத வேண்டும், கைபேசியில் முடியாது. வாசிப்பு, கணிதம் இரண்டிலும் தலா இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதான பகுதி வந்துவிட்டால் உச்ச மதிப்பெண் எட்டாது. ஆகவே தொடக்கத்தில் அவசரப்பட்டுச் செய்யும் கவனப்பிசகுக்கு விலை அதிகம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிந்ததாகவே இருக்கும், கேள்வியின் ஆங்கில வாசகம்தான் இடறும். வாசிப்புப் பகுதிக்கு ஆறு மாதமாவது தினம் அரை மணி நேரம் ஆங்கிலக் கட்டுரை படிக்கும் பழக்கம் வேண்டும். புளூபுக்கிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. கான் அகாடமியிலும் பயிற்சி இலவசம். பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போகும் முன் இவற்றை முடித்துவிடுங்கள்.

எம்.ஐ.டி., ஹார்வர்ட் போன்றவை எஸ்.ஏ.டி. அல்லது அதுபோன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. கட்டாயம் என்று மீண்டும் கொண்டுவந்துவிட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களோ மதிப்பெண் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. பட்டியல் போட்ட பிறகு தேர்வைத் தீர்மானியுங்கள்.

எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. "கவுன்சலர்" என்று யாரும் இல்லை. "டிரான்ஸ்கிரிப்ட்" கேட்டால் மார்க் ஷீட் ஜெராக்ஸ் தருகிறார்கள். என்ன செய்வது?
*பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி*

தம்பி, கவுன்சலர் இல்லாத பள்ளி உலகமெங்கும் இருக்கிறது. அந்த இடத்தில் தலைமையாசிரியரோ உதவித் தலைமையாசிரியரோ இருக்கலாம். காமன் ஆப்பில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு ஓர் இணைப்பு போகும். அதன் வழியே பள்ளி அறிக்கை, டிரான்ஸ்கிரிப்ட், பள்ளி விவரக்குறிப்பு, ஒரு பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை அவர் ஏற்ற வேண்டும். அவருக்கு இது புது வேலை. ஆகஸ்ட் மாதமே ஒரு மாலை நேரம் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று காட்டுங்கள். ஆனால் அவருடைய கடவுச்சொல்லை வாங்கி நீங்களே நிரப்பக் கூடாது. அது மோசடியாகக் கருதப்படும்.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது மார்க் ஷீட்டின் நகல் அல்ல. பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரே தாளில் தொகுத்த பட்டியல். மேலே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பள்ளியில் சேர்ந்த நாள், பயிற்றுமொழி. கீழே 9, 10, 11 வகுப்புகளுக்குப் பாடவாரியாகப் பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண், தேர்ச்சிக்கு வேண்டிய 35. எது பொதுத்தேர்வு, எது பள்ளித் தேர்வு என்ற குறிப்பு. பிறகு பிளஸ் டூ பாடங்களின் பெயரும் காலாண்டு மதிப்பெண்ணும். தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை, தேதி. நூற்றுக்கு 92 என்றால் 92 என்றே எழுதுங்கள். அதை நான்குக்கு இத்தனை என்று அமெரிக்கக் கணக்குக்கு மாற்றவே வேண்டாம். இந்திய மதிப்பெண்ணைப் படிக்க அவர்களுக்குத் தெரியும். நாம் மாற்றினால் குழப்பமும் சந்தேகமும்தான் மிஞ்சும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பள்ளி மாறியவர்கள் நம் ஊரில் மிக அதிகம். 9, 10 மதிப்பெண் பழைய பள்ளியில்தான் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே 9-ஆம் வகுப்பு மதிப்பெண்ணையும் லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுவது நல்லது. விட்டுப்போயிருந்தால் ஜூலையில் போய்க் கேளுங்கள். அக்டோபரில் போனால் காலாண்டு விடுமுறை, எழுத்தர் இல்லை என்று நாள் ஓடும்.

பள்ளி விவரக்குறிப்பு ஒன்று, ஒன்றரைப் பக்கம் போதும். எந்த ஊர், எத்தனை மாணவர்கள், எந்தப் பாடத்திட்டம், எந்தெந்தப் பிரிவுகள் உண்டு, மேல்நிலைத் தேர்வு 600-க்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது, சென்ற ஆண்டு எத்தனை பேர் 500-க்கு மேல் வாங்கினார்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள். "இந்தப் பள்ளியில் இருந்த வாய்ப்புக்குள் இந்த மாணவர் என்ன செய்தார்" என்று பார்ப்பதுதான் அங்கே வாசிப்பவரின் வேலை. ஆய்வகம் வாரம் ஒரு நாள்தான், கூடுதல் பாடங்கள் எடுக்க வழியே இல்லை என்பது இந்தத் தாளில் இல்லாவிட்டால் அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

பாட ஆசிரியர்களின் பரிந்துரை பொதுவாக இரண்டு. உயர்ந்த பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள், பிளஸ் ஒன் அல்லது பிளஸ் டூவில் உங்களுக்குப் பாடம் எடுத்தவரிடம் கேளுங்கள். நம் பள்ளிகளில் கடிதம் பெரும்பாலும் நடத்தைச் சான்றிதழ் மாதிரி வந்துவிடுகிறது: "ஒழுக்கமான மாணவர், நன்றாகப் படிப்பவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." அதில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை. வகுப்பில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி, தப்பாகப் போட்டுப் பிறகு வேறு வழியில் போட்ட ஒரு கணக்கு, நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் என நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். நினைவுபடுத்திக்கொண்டு அவரே எழுதட்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று அன்பாகச் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். இரண்டு கடிதமும் உங்கள் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று காமன் ஆப் கேட்கும். ஆம் என்று குறியுங்கள். பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

மின்னஞ்சல் முகவரி பள்ளியின் பெயரில் இருந்தால் நல்லது. ஜிமெயில்தான் என்றால், பள்ளித் தொலைபேசி எண்ணையும் இணையதளம் இருந்தால் அதன் முகவரியையும் விவரக்குறிப்பில் சேருங்கள்.

மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. மார்க் ஷீட்டில் இன்ஷியலோடு பெயர். இதனால் சிக்கல் வருமா?
*ஒரு தாய், மதுரை*

வரும், இப்போதே சரிசெய்தால் வராது. குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கொடுக்கும்போது, பையனின் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமான மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவார்கள். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், கல்லூரி அடையாள அட்டை எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்துதான் அவன் பெயர்.

பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் பையன் பெயரை முதல் பெயராகவும் பிரித்து வாங்கிவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் பாஸ்போர்ட், அதன் பிறகே தேர்வுப் பதிவு. எஸ்.ஏ.டி., ஆங்கில மொழித் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., காமன் ஆப் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வர வேண்டும். ஓரிடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து, இன்னோரிடத்தில் இரட்டை எழுத்து என்று இருந்தால் மதிப்பெண் ஓரிடத்திலும் விண்ணப்பம் வேறிடத்திலும் கிடக்கும், கணினி சேர்த்துவைக்காது. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் நுழைவுச்சீட்டும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பியும் விடலாம்.

மார்க் ஷீட்டில் இன்ஷியல் மட்டும் இருப்பது அவ்வளவு பெரிய தடை அல்ல. இன்ஷியலின் விரிவு இதுதான், இருவரும் ஒருவரே என்று தலைமையாசிரியர் லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதமும், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரமும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரோ பிறந்த தேதியோ தவறாகவே இருந்தால் கதை வேறு. பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துத் திருத்த வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

ஆண்டு வருமானம் 9 லட்சம். மகள் முதல் மாணவி. "ஃபுல் ஸ்காலர்ஷிப்" கிடைக்கும் என்கிறார்கள். நம்பலாமா?
*ஒரு தந்தை, நாமக்கல்*

கிடைக்கிறது, ஆனால் சில வாசல்களில் மட்டும். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். உதவித்தொகை கொடுக்கும் முறை மூன்று வகை, அதைப் புரிந்துகொண்டால்தான் பட்டியல் போட முடியும்.

முதல் வகையில் வெளிநாட்டு மாணவருக்கும் வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் பணத்தை முழுவதும் தருவார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுநாளாக இப்படி. டார்ட்மத்தும் போடனும் 2022-இல் சேர்ந்துகொண்டன. 9 லட்ச வருமானத்துக்கு இங்கே இடம் கிடைத்தால் ஏறக்குறைய முழுச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். ஆனால் ஹார்வர்டில், எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் இல்லை, வெளிநாட்டு மாணவருக்கு இன்னும் குறுகல். பட்டியலில் இரண்டு வைக்கலாம், இதை மட்டுமே நம்பக் கூடாது.

இரண்டாம் வகைக் கல்லூரிகளும் தாராளமாகப் பணம் கொடுக்கும், ஆனால் "இவருக்கு எவ்வளவு செலவாகும்" என்று பார்த்த பிறகே இடம் கொடுக்கும். நல்ல சிறிய கல்லூரிகள் பல இந்த வகை. இங்கே பலரும் செய்யும் தவறு: உதவி கேட்டால் இடம் கிடைக்காது என்று பயந்து "உதவி வேண்டாம்" என்று குறித்துவிட்டு, சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று நினைப்பது. வெளிநாட்டு மாணவர் முதலில் கேட்காவிட்டால் நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்பதுதான் பல கல்லூரிகளின் விதி.

மூன்றாவது, வருமானம் பார்க்காமல் திறமைக்குத் தரும் தொகை. இது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பங்குதான். 20,000 டாலர் தள்ளுபடி என்று கடிதம் வந்ததும் வீடு கொண்டாடும். மீதி எவ்வளவு, அதை நான்கால் பெருக்கினால் எவ்வளவு என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில், கலிஃபோர்னியா உட்பட, வெளிநாட்டு மாணவருக்கு வருமான அடிப்படையிலான உதவி அநேகமாக இல்லை.

உதவி கேட்பவர்கள் பல தனியார் கல்லூரிகளுக்குச் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவம் நிரப்ப வேண்டும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். கட்ட முடியாதவர்கள் கல்லூரிக்கே எழுதிக் கேட்டால் கட்டண விலக்குக் குறியீடு தருவார்கள், அல்லது இலவசமான மாற்றுப் படிவத்தை ஏற்பார்கள். இதன் கெடு விண்ணப்பக் கெடுவிலிருந்து வேறுபடும், தனியாகக் குறித்துவையுங்கள். வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சான்று, வங்கி இருப்பு, வீடு, நிலம், கடன் எல்லாம் கேட்பார்கள். விவசாயக் குடும்பத்துக்கு ரிட்டர்ன் இருக்காது. வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழோடு, என்ன பயிர், எத்தனை ஏக்கர், சென்ற ஆண்டு விற்று வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி இணையுங்கள். பூர்வீக நிலத்தை மறைக்காதீர்கள். அதை விற்க முடியாது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். கல்லூரிக்கு ஒரு கணக்கு, விசா நேர்காணலில் ஒரு கணக்கு என்று போனால் இரண்டு இடத்திலும் பையனோ பெண்ணோதான் மாட்டிக்கொள்வார்கள்.

காமன் ஆப் கட்டுரையில் என்ன எழுதுவது? ஒலிம்பியாட், ஆராய்ச்சி என்று எதுவும் இல்லை. மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் இருப்பேன்.
*பிளஸ் டூ மாணவி, விருதுநகர்*

அந்தக் கடைதான் உங்கள் செயல்பாடு, அம்மா. காமன் ஆப் செயல்பாட்டுப் பட்டியலில் பத்து வரிசை உண்டு. அதில் "வேலை", "குடும்பப் பொறுப்பு" என்றே வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துக்குறிதான், இடைவெளியும் அதில் அடக்கம். வாரம் எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். "தந்தைக்குக் கடையில் உதவினேன்" என்று எழுதினால் இடம் வீண். தினமும் 6 முதல் 9 வரை கல்லா, கடன் நோட்டைக் கணினிக்கு மாற்றியது, எத்தனை வீட்டுக் கணக்கு, சரக்குக் கொள்முதல் யார் முடிவு என்று எண்ணும் வினையுமாக எழுதுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, தண்ணீர் பிடிப்பது இவையும் வரும். பேருக்கு வாங்கிய பத்து ஆன்லைன் சான்றிதழை விட இவை கனமானவை. பட்டியல் பத்தும் நிரம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 சொல். "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்குவதும், தலைவர் ஒருவரின் பொன்மொழியை மேலே வைப்பதும், ஏழ்மையைச் சொல்லி இரக்கம் கேட்பதும் வேண்டாம். ஒரு சின்ன இடத்தைப் பிடியுங்கள். கடன் கேட்டு வந்தவருக்கு நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்த ஒரு மாலை. எதைப் பார்த்து அந்த முடிவெடுத்தீர்கள், பிறகு அது சரியா என்று யோசித்தீர்களா? அந்த யோசனைதான் கட்டுரை. முதலில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்து, அதை எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் நேராகத் தொடங்கினால் நாம் தேர்வு விடைத்தாள் நடைக்குப் போய்விடுகிறோம். ஆங்கில ஆசிரியர் இலக்கணம் திருத்தலாம், சொல்லை மாற்றக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இங்கிலாந்துக்கும் இதே விண்ணப்பமா?
*பிளஸ் டூ மாணவர், கோயம்புத்தூர்*

இல்லை. அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு. ஐந்து இடங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது, ஒன்றுதான். இந்த இரண்டுக்கும், மருத்துவப் படிப்புகளுக்கும் கெடு அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி. 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் பாடம், படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்துக்குறி, ஒவ்வொன்றும் குறைந்தது 350. அமெரிக்கக் கட்டுரையை வெட்டி இங்கே ஒட்டாதீர்கள். அங்கே மனிதரைப் பார்க்கிறார்கள், இங்கே பாடத்தின் மேல் உள்ள பிடிப்பைப் பார்க்கிறார்கள். மளிகைக் கடைக்கு இங்கே கடைசிக் கேள்வியில் இரண்டு வரிதான் இடம்.

பள்ளி தரும் கணிப்பு மதிப்பெண்ணை வைத்து, "பிளஸ் டூவில் இவ்வளவு வாங்கினால் இடம்" என்று நிபந்தனையோடு கடிதம் வரும். கணிப்பைப் பாசத்தில் ஏற்றிப் போடச் சொல்லாதீர்கள். மே மாதம் அந்த எண் வராவிட்டால் இடம் போய்விடும். உங்கள் பாடத்திட்டத்துக்கு எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் பக்கத்தில் பாருங்கள். மத்திய வாரியத்துக்கும் மாநில வாரியத்துக்கும் அளவு வேறாக இருக்கும். பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண் நன்றாக இருந்தால் ஐ.இ.எல்.டி.எஸ். கேட்காத பல்கலைக்கழகங்களும் பல உண்டு. விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம், பிளஸ் டூ முடித்ததும் போய்விடலாம் என்கிறார்களே?
*ஒரு தந்தை, ஈரோடு*

பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது.

பெரிய தடை வேறு. நம் பிளஸ் டூ மட்டும் வைத்து நேராகப் பட்டப்படிப்பில் சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தகுதி பெற்றவர்களுக்குப் பொறியியல், அறிவியல் துறைகளில் நேரடி வழி உண்டு. இந்தியக் கல்லூரியில் அதே துறையில் படிக்கத் தொடங்கித் தேறியவர்களுக்கும் வழி இருக்கிறது. மற்றவர்கள் ஷ்டுடியன்கோலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்ந்து, அதன் இறுதித் தேர்வில் தேற வேண்டும். அதற்கே நுழைவுத் தேர்வு உண்டு, ஜெர்மன் மொழியில். இடைநிலை எனப்படும் பி1 அல்லது பி2 அளவு மொழியறிவு கேட்பார்கள். இளநிலைப் படிப்புகளில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில்தான், அதற்குப் பொதுவாக உயர்நிலையான சி1 அளவு வேண்டும். பிளஸ் ஒன்னில் மொழி வகுப்பைத் தொடங்கினால்தான் பிளஸ் டூ முடிவில் பி1-ஐ எட்ட முடியும். பி2-க்கு அதற்கு மேலும் பல மாதம் வேண்டும். "ஆங்கிலத்திலேயே படிக்கலாம்" என்று சொல்லி அனுப்பப்படுபவர்கள் பலர் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியில்தான் போய்ச் சேருகிறார்கள்.

இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெறும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியே விண்ணப்பித்தால் முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30 யூரோ. விசாவுக்கு முன் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், அது மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும்.

மகள் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். நீட் வேண்டாம்தானே?
*ஒரு தாய், தஞ்சாவூர்*

வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவராகப் பணியாற்ற நினைத்தால், போகும் முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து இந்தியாவில் தகுதித் தேர்வும் இன்னொரு 12 மாதம் பயிற்சியும். படித்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி தரும் பட்டமாகவும் அது இருக்க வேண்டும். சில நாடுகளில் பாடம் ஆங்கிலத்தில் என்பார்கள், மூன்றாம் ஆண்டு நோயாளியிடம் பேச உள்ளூர் மொழி இல்லாமல் நடக்காது. முன்பணம் கட்டும் முன் படிப்புக் காலம், ஆங்கில வழி, அங்கேயே பயிற்சி, பதிவுத் தகுதி ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிந்தைய படிப்பு, பள்ளியிலிருந்து நேராகச் சேரும் வழி அநேகமாக இல்லை.

ஒரு ஏஜென்ட் "சீட் கேரண்டி, ஒரு ரூபாய் வேண்டாம்" என்கிறார். எப்படி?
*ஒரு தந்தை, சேலம்*

உங்களிடம் வாங்காத பணத்தைச் சேர்த்துவிடும் கல்லூரியிடம் கமிஷனாக வாங்குகிறார். இது சட்டவிரோதம் அல்ல. ஆனால் கமிஷன் தராத கல்லூரி அவர் பட்டியலில் வராது, நல்ல உதவித்தொகை தரும் கல்லூரிகள் பல அப்படிப்பட்டவை. அவரிடம் போவதானாலும் மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்: விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பிள்ளையிடம், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கமும் பிள்ளை படித்த பிறகே. அவர் எழுதிய கட்டுரையோ திருத்திய மதிப்பெண்ணோ பிடிபட்டால் இடம் போவது பிள்ளைக்குத்தான்.

கெடு நாள் என்றால் எந்த ஊர் நேரம்?
*பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்*

காமன் ஆப்பில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு உங்கள் ஊர் நேரப்படி இரவு 11:59. யூகாஸில் லண்டன் நேரம் மாலை 6 மணி. அக்டோபரில் அது நமக்கு இரவு 10:30, ஜனவரியில் 11:30. கட்டணம் கட்டும்போது அட்டை வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறக்கப்படாமல் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது, வங்கிச் செயலியில் ஒரு வாரம் முன்பே திறந்து வைத்துவிடுங்கள். அனுப்பிய பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனி இணையப்பக்கம் கொடுக்கும். எந்தக் காகிதம் வந்தது, எது வரவில்லை என்று அதில் தெரியும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்து, பள்ளி அறிக்கைக்கு எதிரே இன்னும் குறி விழவில்லை என்றால், மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே தலைமையாசிரியர் அறைக்குப் போய் நினைவுபடுத்துங்கள்.